இடாப்பில் ஒரு வெற்றுக் கட்டம்

எங்கட கராட்டி கிளாஸில் இடாப்பு என்று ஒன்று இருக்கவே இல்லை. வெள்ளவத்தையில் ஒரு சின்ன மண்டபம், சனி ஞாயிறு காலை. வந்த பிள்ளைகளை சேர் வரிசையில் நிற்கவைப்பார். வராதவர்களைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை. "விருப்பமெண்டா வருவினம்" என்று நாங்களும் விட்டுவிடுவோம்.

போன வருஷம் மஞ்சள் பெல்ட் எடுத்த ஒரு தங்கச்சி கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வாறவ. ஒருநாள் காலி வீதியில் அம்மாவோட கண்டு, "ஏன் இப்ப வாறேல்ல?" என்று கேட்டோம். இரண்டு மாதக் காசு கட்டவில்லை, அனுப்ப வெட்கமாக இருந்தது என்று அம்மா சொன்னா. தங்கச்சி மெதுவாக, "ஒருத்தரும் கேக்கேல்லத்தானே" என்றா. அவ எப்ப நின்றவ என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

அடுத்த கிழமை நாங்கள் இரண்டு பேர் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினோம். வந்தால் ஒரு 'சரி', வராவிட்டால் வெற்றுக் கட்டம். தொடர்ந்து இரண்டு கிழமை வெற்றென்றால் அன்றைக்கே வீட்டுக்கு ஒரு கோல்.

உண்மையில் எங்களுக்கே இடாப்பு என்றால் பிடிக்காது. கம்பஸில் 80 வீத வரவு இல்லாவிட்டால் சோதனை எழுத ஏலாது. அதனால் வராத நண்பருக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுகிற ஆட்கள்தான் நாங்கள். ஆட்களை வெளியே நிறுத்துவதற்குத்தான் வரவு என்று நினைத்திருந்தோம்.

மூன்று மாதத்தில் கொப்பி வேறு கதை சொன்னது. யாரும் திடீரென்று நிற்பதில்லை. முதலில் ஒரு சனி, பிறகு இரண்டு, பிறகு மொத்தமாக. பெல்ட் சோதனை முடிந்த கையோடு சிலர். புலமைப்பரிசில், ஓ.எல். நெருங்கும்போது ரியூஷனுக்காகச் சிலர். பெரியபிள்ளையானதும் வீட்டில் மறித்த பிள்ளைகளும் உண்டு. சோதனைப் பிள்ளைகளைக் கிழமைக்கு ஒருநாள் வந்தால் போதும் என்றோம். காசுப் பிரச்சினையை சேர் பெரியவர்களோடு மட்டும் கதைத்தார். எல்லாரும் திரும்பவில்லை. சிலர் திரும்பினார்கள்.

ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882இல் டோக்கியோவில், ஒரு பௌத்த கோயிலில் 12 பாய் விரித்த இடத்தில்தான் கோடோகனைத் தொடங்கினார். சேருகிறவர்கள் ஒரு பதிவேட்டில் பெயர் எழுதிக் கையெழுத்திட்டார்கள். இன்றும் அங்கே குளிர்கால அதிகாலைப் பயிற்சிக்கு ஒருநாளும் விடாமல் வந்தால் சான்றிதழ் உண்டு. அதற்கு யாரையும் விழுத்தத் தேவையில்லை, வந்தால் போதும்.

அந்தத் தங்கச்சியின் பெயரையும் கொப்பியில் எழுதியிருக்கிறோம். சேர் அம்மாவோட கதைத்துவிட்டார். அவ இன்னும் வரவில்லை. கட்டங்கள் வெறுமையாகவே போகின்றன. ஆனாலும் வெள்ளிக்கிழமை இரவில் கோல் எடுக்கிறோம். "நாளைக்கு வாறீங்களா?" என்று கேட்டால், "பாப்பம் அக்கா" என்கிறா.

முந்தி அந்தக் கேள்விகூட அவவுக்குக் கிடைக்கவில்லை. உங்கட கிளாஸிலும் யாரையாவது இரண்டு கிழமையாகக் காணவில்லையா? இன்றைக்கே ஒரு கோல் எடுத்துப் பாருங்கள்.