கொட்டாஞ்சேனைப் பால்மாவும் நியூசிலாந்துப் புற்றரையும்

கொழும்பிலே தமிழ்க் குடும்பங்கள் செறிந்து வாழும் இடங்கள் எவை என வினவினால், வடக்கே கொட்டாஞ்சேனையையும் தெற்கே வெள்ளவத்தையையும் எவரும் தயங்காது கூறுவர். ஒரு ஞாயிறு காலை முன்னதிலிருந்து பின்னதற்குச் சென்ற நாம், இடையிலே நியூசிலாந்து வரை மனத்தால் போய்வர நேர்ந்தது. அதற்குக் காரணம் பால்மா.

புனித லூசியாள் பேராலயத்தின் பெரிய குவிமாடத்தைக் கண்டு களித்தபின், ஜம்பட்டா வீதிப் பக்கத்துக் கடையொன்றில் பால் தேநீர் அருந்தினோம். கடைக்காரரின் தட்டிலே பால்மாப் பொதிகள் அடுக்கப்பட்டிருந்தன. இந்நகரத்தார் அருந்தும் பாலிற் பெரும்பகுதி மாவாகவே வருகிறது. அம்மாவில் மிகுதியும் நியூசிலாந்திலிருந்து கப்பலேறி வருவது. 2013ஆம் ஆண்டு ஆகஸ்டில் அப்பொதிகளிற் சில கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டதை வாசகரிற் பலர் மறந்திருக்கமாட்டார். டி.சி.டி. எனச் சுருக்கமாக வழங்கும் டைசயன்டயமைட் என்ற பொருள் அவற்றிற் காணப்பட்டதாகச் சுகாதார அமைச்சு கூறியது. இறக்குமதி செய்த நிறுவனமோ அப்பரிசோதனை முடிவை மறுத்தது. குழந்தைக்கு எதைக் கரைத்துக் கொடுப்பது என்று தாய்மார் கலங்கினர்.

அப்பொருள் பாலில் எவ்வாறு புகுந்தது? இதற்கு விடை காண மேய்ச்சல் தரைக்கே போதல் வேண்டும்.

பசு தான் உண்ணும் புல்லிலுள்ள நைதரசனில் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் சாணமாகவும் சிறுநீராகவும் நிலத்துக்கே திருப்பித் தந்துவிடுகிறது. நிலத்தின் ஊட்டம் நிலத்துக்கே மீள்வது நன்றன்றோ எனத் தோன்றும். கேடு அது விழும் முறையிலேயே உள்ளது. வயல் முழுதும் பரவவேண்டியது ஒரு சிறு வட்டத்திற் கொட்டப்படுகிறது. அவ்வட்டத்தில் விழும் நைதரசனை ஹெக்டேர்க் கணக்கிற் பெருக்கிப் பார்த்தால் 1000 கிலோ வரை செல்லும். அவ்வளவையும் அங்குள்ள புல்லால் உண்ண இயலாது. சிறுநீரிலுள்ள யூரியா முதலில் அமோனியாவாகும்; அது களிமண்ணைப் பற்றிக்கொண்டு நிற்கும். பின்னர் மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் அதனை நைத்திரேற்று என்னும் உப்பாக மாற்றும். நைத்திரேற்றை மண் பிடித்துவைக்காது. மழை பெய்தவுடன் அது நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும். ஒரு சிறு பகுதி நைதரசு ஒட்சைட்டு வாயுவாகி வானேறும். புவியை வெப்பமூட்டுவதில் அது கரியமில வாயுவினும் ஏறத்தாழ 270 மடங்கு வல்லது.

அந்தப் பற்றீரியாக்களின் வேலையைத் தாமதப்படுத்தவே டி.சி.டி.யைப் புற்றரையில் தெளித்தனர். நீரைக் காக்கத் தெளித்த மருந்தின் துளி புல்லிலே தங்கிப் பசுவின் வழியே பாலிலே கலந்தது. அதனால் உடலுக்குத் தீங்கில்லை என அந்நாட்டார் கூறினர். ஆயினும் பாலில் இவ்வளவு இருக்கலாம் என்னும் அனைத்துலக வரையறை அதற்கு அன்று இருக்கவில்லை. 2013 ஜனவரியிலேயே அங்கு அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. மருந்து போயிற்று, நோய் நின்றது. 1990இல் ஏறத்தாழ 34 இலட்சமாயிருந்த அந்நாட்டுப் பாற்பண்ணை மாடுகள் 2014இல் 67 இலட்சமாகியிருந்தன. மேய்ச்சல் நிலத்தில் இடும் செயற்கை நைதரசப் பசளை ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 190 கிலோவை மீறலாகாது என 2021 ஜூலையில் அங்கு விதி வந்தது. நாம் குடிக்கும் பாலின் உண்மை விலையில் ஒரு பகுதியை அந்நாட்டு ஆறுகளே கொடுத்துவருகின்றன என்பது எம் எண்ணம்.

புறக்கோட்டையிலிருந்து பேருந்தேறிக் காலி வீதி வழியே சென்றோம். வெள்ளவத்தையில் யாம் சந்திக்கச் சென்ற முதியவர் வலிகாமத்துக் கமக்காரர். மகன் வீட்டில் வாழ்கிறார். மாட்டுச் சிறுநீர்க் கதையைக் கேட்டு நகைத்தார். "தம்பி, நாங்கள் பட்டி கட்டினால் சில நாளில் இடம் மாற்றிப் போடுவோம். ஒரே இடத்தில் விட்டால் பயிர் கருகிப் போகும் என்று எங்கள் ஐயாவுக்கே தெரியும்," என்றார்.

உண்மைதான். எனினும் பட்டி மாறிய தோட்டங்களிலே பின்னர் யூரியா மூட்டைகளும் வந்து சேர்ந்தன. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணம் கிணற்றையே நம்பியிருக்கிறது. அடியிலோ வெடிப்புகள் நிறைந்த சுண்ணக்கல். மேலே இட்டது விரைவில் கீழிறங்கும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. வலிகாமத்துக் கிணறுகள் பல அதனைக் கடந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இவ்வெல்லை புட்டிப்பால் குடிக்கும் பச்சிளங் குழந்தைகளை எண்ணியே வகுக்கப்பட்டது. நைத்திரேற்று மிகுந்த நீரிற் பால்மாவைக் கரைத்து ஊட்டினால், குழந்தையின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும். உடல் நீலம் பாரிக்கும். தாய்மார் ஒன்றை மனத்திற் கொள்ளவேண்டும்: நீரைக் கொதிக்கவைப்பதால் கிருமி சாகுமேயன்றி நைத்திரேற்று நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

இதனைக் கேட்டிருந்த முதியவரின் பேத்தி, உயர்தர வகுப்பில் இரசாயனம் பயில்பவள், "அப்பப்பா, எங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணீரை எவராவது சோதித்ததுண்டா?" என்று கேட்டாள். இல்லையென்று அவர் தலையசைத்தார். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது கழுவிய போத்தல் இரண்டு கொண்டுபோவதென்றும், ஒன்று மழைக்கு முன்னும் மற்றையது மழைக்குப் பின்னும் நிரப்புவதென்றும் அவ்விருவரும் அங்கேயே பேசி முடிவு செய்தனர்.