முதலில் பிறந்தது கனத்த குரல்

அன்புள்ள செல்லத்துக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். பள்ளி பேண்டில் ஆல்ட்டோ சாக்சபோன் கேட்ட உனக்குப் பாரிடோனைக் கொடுத்துவிட்டார்கள், அதனால் முகம் வாடிக் கிடக்கிறாய் என்று உன் அப்பா போனில் சொன்னான். ஆல்ட்டோவுக்குத்தான் பாட்டு, பாரிடோனுக்கு வெறும் 'பூம் பூம்' என்றாயாமே. இங்கே மட்டாஞ்சேரியில் சர்ச் பெருநாள்களில் பேண்டு செட்டோடு கிளாரினெட் ஊதிக்கொண்டு நடந்தவன் நான். அந்த உரிமையில் உன் வாத்தியத்தின் பூர்வீகத்தைச் சொல்கிறேன்.

பெல்ஜியத்தின் தினான் ஊரில் 1814-இல் பிறந்தவர் அடால்ஃப் சாக்ஸ். அப்பாவும் வாத்தியம் செய்கிறவர். சாக்ஸ் முதலில் கைவைத்தது பாஸ் கிளாரினெட்டில். 1838-இல் அதைத் திருத்திச் செய்தார். அடுத்து வந்ததுதான் சாக்சபோன். பாரிஸில் இசையமைப்பாளர் பெர்லியோஸ் 1842-இல் பத்திரிகையில் வியந்து எழுதியது நீ கேட்ட ஆல்ட்டோவைப் பற்றி அல்ல, அடித்தொண்டையில் பேசும் பாஸ் சாக்சபோனைப் பற்றி. அந்தக் குடும்பத்தில் கனத்த குரல்தான் முதலில் பிறந்தது. மெல்லிய குரல்கள் எல்லாம் பின்னால் வந்தவை. 1846-இல் காப்புரிமை வாங்கும்போது முழுக் குடும்பத்தையும் எழுதிக் கொடுத்தார்.

எதற்காக இத்தனை பாடு? அன்றைக்குப் பிரெஞ்சு ராணுவ பேண்டுகள் நலிந்து கிடந்தன. திறந்த வெளியில் கிளாரினெட்டும் ஓபோவும் காற்றோடு போய்விடும். பித்தளை வாத்தியங்களோ மற்றவற்றை அமுக்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் நின்று சேர்த்துப் பிடிக்க ஒரு குரல் வேண்டியிருந்தது. அந்தக் குரல்தான் சாக்சபோன்: உடல் பித்தளை, வாயில் கிளாரினெட் போல ஒற்றை நாணல் ரீடு. 1845 ஏப்ரலில் பாரிஸ் ஷாம்ப் து மார்ஸ் மைதானத்தில் பழைய பேண்டும் சாக்ஸின் பேண்டும் பெருங்கூட்டத்தின் முன் போட்டியிட்டன. சாக்ஸ் ஜெயித்தார், அவருடைய வாத்தியங்கள் ராணுவத்துக்குள் நுழைந்தன. 1848 புரட்சிக்குப் பிறகு வெளியே தள்ளினார்கள். சில ஆண்டுகளில் திரும்பவும் சேர்த்தார்கள். போட்டியாளர்கள் வழக்குமேல் வழக்குப் போட்டதில் அவர் பலமுறை திவாலாகி 1894-இல் வறுமையில் இறந்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கும்.

பேண்டுக்காகப் பிறந்த வாத்தியம் இது. தனியாக மேடையேறியது அதன் பிற்கால வாழ்க்கை. நம்மவர்களுக்கு சாக்சபோன் என்றதும் கத்ரி கோபால்நாத்தும், 1994-இல் வந்த 'டூயட்' படமும்தான் நினைவுக்கு வரும். அந்த மேதையும் அதை முதலில் கண்டது மைசூர் அரண்மனை பேண்டில்தான். நாகஸ்வரக் குடும்பத்துப் பிள்ளை அவர். சாக்சபோனின் குழலும் நாகஸ்வரம் போலக் கீழே போகப் போக அகலும். அதனால் ஊதும் அழுத்தத்தைக் கூட்டினால் சரியாக ஒரு ஸ்தாயி மேலே ஏறும். நான் வாசித்த கிளாரினெட் நேர்க்குழல், அது பன்னிரண்டாம் சுரத்துக்குத் தாவிவிடும். சாவிகள் நிறைந்த சாக்சபோனில் கோபால்நாத் உதட்டாலும் மூச்சாலும் கமகம் வரவழைத்ததை நீ கட்டாயம் கேட்க வேண்டும்.

இப்போது உன் வரிசைக்கு வருகிறேன். கான்செர்ட் பேண்டில் பொதுவாக ஆல்ட்டோவுக்கு இரண்டு பகுதி, டெனருக்கு ஒன்று, பாரிடோனுக்கு ஒன்று. ஆல்ட்டோ பெரும்பாலும் ஹார்னோடு சேரும். டெனர் யூஃபோனியத்தின் மெட்டைத் தாங்கும். நீ டியூபா, பாஸ் கிளாரினெட், பஸ்ஸூன் ஆகியவற்றோடு அடித்தளத்தில் நிற்பாய். டியூபாவின் சுரம் உருண்டையாகத் தொடங்கும். அதற்கு விளிம்பு கொடுப்பது பாரிடோனின் ரீடு. பாரிடோன் வராத நாளில் பேண்டு மாஸ்டருக்குத்தான் முதலில் தெரியும். எங்கள் செட்டில் பாரிடோன் கிடையாது, யூஃபோனியத்தை வைத்துச் சமாளித்தோம். செபஸ்தியார் பெருநாள் ஊர்வலம் சந்துக்குள் திரும்பியதும் டிரம்பெட்டும் பெரிய டிரம்மும் மட்டும் கேட்கும், நடு வெறுமையாக இருக்கும். அதைக் கேட்டு வளர்ந்த காது இது, அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இன்னொன்று: நால்வருக்கும் விரல் பிடிப்பு கிட்டத்தட்ட ஒன்றே, நோட்டும் ஒரே ட்ரெபிள் கிளெஃபில் எழுதியிருக்கும். சாக்ஸின் சாமர்த்தியம் அது. பாரிடோனும் ஆல்ட்டோவும் இ-ஃபிளாட் வாத்தியங்கள், உன்னுடையது ஒரு ஸ்தாயி கீழே. ஆகவே இன்று நீ படிக்கிற எதுவும் வீண் போகாது. பிறகு ஆல்ட்டோவை எடுத்தால் மூச்சையும் உதட்டையும் மட்டும் பழக்கினால் போதும்.

பெர்சி கிரெய்ஞ்சர் 1937-இல் கான்செர்ட் பேண்டுக்கு எழுதிய 'லிங்கன்ஷையர் போஸி'யைத் தேடிக் கேள். சாக்சபோன் குடும்பத்தின்மேல் அவருக்குத் தனிக் காதல். அதில் சோப்ரானோவிலிருந்து பாஸ் வரை எழுதியிருக்கிறார். ஒரு தடவை கேட்டபின் இரண்டாம் தடவை கீழ்க்குரல்களை மட்டும் பின்தொடர்.

வாத்தியம் கனமானது, கழுத்துப் பட்டையில் தொங்கவிட்டால் வலிக்கும். இரண்டு தோளிலும் மாட்டும் பட்டை வாங்கித் தரச் சொல்லி உன் அப்பாவுக்கு எழுதியிருக்கிறேன். தினமும் முதல் பத்து நிமிஷம் கீழ் சுரங்களை மெதுவாக, நீளமாக ஊது. ரீடைக் கழற்றித் துடைத்து வை.

அன்புடன்,
பெரியப்பா