அரிக்கமேட்டில் ரோமானியச் சுவர் எது? ராயகிரியிலிருந்து ஒரு ராத்திரிப் பயணம்

ராயகிரியில் மேற்கே திரும்பினால் மலைதான். அந்த மலைக்கு அந்தப் பக்கம், சேர நாட்டுச் சரிவுகளில் விளைந்த மிளகுக்காகத்தான் 2000 வருஷத்துக்கு முன் ரோமானிய வியாபாரிகளின் கப்பல்கள் அரபிக் கடலைத் தாண்டி வந்தன. ரோம் நகரத்தின் நட்டநடுவில் மிளகுக்கென்றே கிடங்கு இருந்தது. முதல் நூற்றாண்டின் கடைசியில் டொமிஷியன் என்ற பேரரசர் கட்டியது. கி.பி. 408-ல் ரோமை முற்றுகையிட்ட அலாரிக், முற்றுகையை விலக்கக் கேட்டவற்றில் தங்கம், வெள்ளி, பட்டோடு 3000 பவுண்டு மிளகும் உண்டு!

ஆக, யூடியூபில் கொலோசியத்தைப் பார்த்துவிட்டு "நம்ம பக்கம் இப்படி ஒண்ணும் இல்லையாப்பா?" என்று வீட்டில் பிள்ளைகள் கேட்டால், "இருக்கு" என்று தைரியமாகச் சொல்லலாம். இத்தாலிக்கு விசா எடுக்க வேண்டாம். சங்கரன்கோவிலில் சாயங்காலம் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிவதற்கு முன் விழுப்புரம். அங்கிருந்து பஸ்ஸில் சுமார் ஒரு மணி நேரத்தில் புதுச்சேரி. கடலூர் ரோட்டில் கொஞ்சம் தெற்கே போனால் அரியாங்குப்பம். உள்ளே திரும்பினால் காக்காயந்தோப்பு. அதையடுத்து ஆற்றங்கரையில் அரிக்கமேடு.

போய் இறங்கியதும் முதலில் வருவது ஏமாற்றம்தான். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மரங்கள், புதர், ஒரு பக்கம் ஆறு. நடுவே உடைந்த செங்கல் சுவரும் தூண்களும். வருகிறவர்கள் நேராக அந்தச் சுவருக்குப் போய், 'ரோமானியர் கோட்டை' என்று செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சுவருக்கும் ரோமுக்கும் சம்பந்தமே கிடையாது. 18-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு மிஷனரிகள் கட்டிய குருமடத்தின் மிச்சம் அது. மண்ணில் கிடைத்த பழங்காலச் செங்கற்களையே எடுத்துக் கட்டினார்கள் என்று சொல்லப்படுகிறது. அந்த வகையில் வேண்டுமானால் அது பாதி பழசு!

அந்தக் காலத்திலேயே இங்கே செங்கல் எடுப்பது சகஜமாக இருந்திருக்கிறது. அதைக் குறித்து வைத்தவர் லெ ஜெந்தில் என்ற பிரெஞ்சு வானியல் அறிஞர். 1769 ஜூனில் வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் பல வருஷம் கடலில் அலைந்து புதுச்சேரிக்கு வந்தார். சரியாக அந்த நேரம் பார்த்து மேகம் மூடிவிட்டது. பாவம், வானத்தில் பார்க்க வந்ததைத் தவறவிட்டவர், தரையில் இதைப் பார்த்து எழுதி வைத்தார்.

அதன் பிறகு 150 வருஷத்துக்கும் மேல் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1930-களில் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ துப்ரெய், இங்கே கிடைத்த மணிகளை ஊர்ச் சிறுவர்களிடமிருந்து வாங்கிச் சேர்த்தார். அவருக்குக் கிடைத்தவற்றில் ஒரு கல்லில் ஒரு மனித முகம் செதுக்கியிருந்தது. அது ரோமப் பேரரசர் அகஸ்டஸின் முகம் என்று சொன்னார்.

அடுத்த திருப்பம் சென்னையில். 1944-ல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்து அலமாரி ஒன்றைத் துழாவியபோது ஒரு ஜாடியின் கழுத்தும் நீண்ட கைப்பிடியும் கையில் தட்டுப்பட்டன. மத்தியதரைக் கடல் நாட்டு ஆம்போரா! இரண்டு கைப்பிடி, கூம்பிய அடிப்பாகம் என்று தரையில் நிற்கவே நிற்காத ஜாடி அது. கப்பலின் அடித்தட்டில் சாய்த்து அடுக்குவதற்காகவே செய்தது. எங்கே கிடைத்தது என்று விசாரித்து அரிக்கமேட்டுக்கு வந்தவர், 1945-ல் தோண்ட ஆரம்பித்தார். ஒயின், ஆலிவ் எண்ணெய் வந்த ஜாடித் துண்டுகள் வெளிவந்தன. 'கரும்' என்ற ரோமானிய மீன் சாறும் ஜாடியில் வந்திருக்கிறது. கருவாட்டின் மணம் தெரிந்த ஊருக்கே மீன் சாறு!

இதைவிட முக்கியமானது, இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர்ப் பாணியில் செய்த சிவப்புத் தட்டுகளின் துண்டுகள். அடியில் குயவரின் முத்திரை இருக்கும். அந்தத் தட்டுகள் எந்தக் காலத்தில் புழங்கின என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும். அப்படியானால் அதே மண் அடுக்கில் அதனோடு கிடந்த நம் பானைக்கும் வயது தெரிந்துவிடும் அல்லவா? தென்னிந்தியாவில் பல இடங்களில் கிடைத்த பானை ஓடுகளுக்குக் காலம் சொல்ல அந்த உடைந்த தட்டுகள்தான் முதல் பிடியைக் கொடுத்தன.

வீலர் இதை ரோமானிய வியாபாரத் தலமாகவே பார்த்தார். 1989 முதல் 1992 வரை மறுபடி தோண்டிய விமலா பெக்லியின் குழு அந்தக் கதையை மாற்றியது. ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே இங்கே ஊர் இருந்தது. அந்தச் சரக்கு வருவது குறைந்த பிறகும் இருந்தது. தமிழ் பிராமியில் பெயர் கீறிய ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. கண்ணாடியை உருக்கி, குழலாக இழுத்து, சின்னச் சின்னதாக நறுக்கி மணி செய்யும் தொழில் இங்கே பெரிதாக நடந்தது. அந்த வகை மணிகள் கிழக்கே கடல் தாண்டித் தென்கிழக்கு ஆசியா வரை போயின. ஆக, இது ரோமானியர் கட்டிய ஊர் அல்ல. ரோமானியச் சரக்கு வந்து இறங்கிய நம் ஊர். தூணும் வளைவும் தேடிப் போனால் கிடைக்காததற்குக் காரணமும் இதுதான்.

போக்குவரத்து ஒரு வழிப் பாதையும் இல்லை. எகிப்தில் செங்கடல் கரையில் உள்ள குசேர் அல் காதிமில் கிடைத்த ஓட்டில் 'பானை ஒறி' என்று தமிழ் பிராமியில் எழுதியிருக்கிறது. பானையைத் தொங்கவிடும் உறியைத்தான் சொல்கிறது. நம்மூர் ஆட்களின் தொடர்பு இல்லாமல் அது அங்கே எப்படி வரும்?

வீலர் தோண்டிய குழிகள் மூடப்பட்டுவிட்டன. அதனால் மேட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஆற்றங்கரைக்குப் போவதுதான் சரி. அரிக்கமேடு என்ற பெயர் 'அருகன் மேடு' என்பதிலிருந்து வந்தது என்பார்கள். ஆறு அரிக்கிற மேடு என்றும் சொல்வார்கள். இரண்டாவது விளக்கம் அங்கே நின்றால் சுலபமாகப் புரியும். கரை சரிந்த இடத்தில் ஓட்டுத் துண்டு கண்ணில் பட்டால் போட்டோ எடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பையில் போட்டு ராயகிரிக்குக் கொண்டுவந்தால் ஷோகேஸில் ஒரு ஓடு, அவ்வளவுதான். எந்த மண்ணில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற பாதித் தகவல் போய்விடும். 250 வருஷத்துக்கு முன் செங்கல் எடுத்தவர்களுக்காவது அது தெரியாது.

தோண்டி எடுத்த மணிகளையும் ஆம்போரா துண்டுகளையும் புதுச்சேரியில் பாரதி பூங்கா பக்கத்தில் இருக்கும் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலில் அங்கே போய்விட்டு, அப்புறம் மேட்டுக்குப் போவது நல்லது. ஜாடியின் வடிவத்தைப் பார்த்த கண்ணுக்குத்தான் மண்ணில் கிடக்கும் துண்டு வெறும் ஓடாகத் தெரியாது. திங்கட்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை. வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் போட்டால் சனிக்கிழமை முழுக்கக் கிடைக்கும்.