55வது நகர்த்தல்

பெஞ்சல் புயல் விழுப்புரத்தைப் புரட்டிப் போட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. 2024 டிசம்பர் 12 மாலை, திண்டிவனம் போகும் பேருந்தில் கைப்பேசியில் சிங்கப்பூர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உலக செஸ் சாம்பியன் போட்டியின் 14வது ஆட்டம், அதுவே கடைசி. நம் குகேஷுக்கும் அப்போதைய சாம்பியன் டிங் லிரெனுக்கும் ஆளுக்கு 6.5 புள்ளி. இருவரிடமும் ஒரு யானை, ஒரு மந்திரி. கறுப்பில் ஆடிய குகேஷுக்கு ஒரு சிப்பாய் மட்டும் கூடுதல். சிப்பாய்கள் எல்லாம் ராஜா பக்கமே நின்றதால் டிராவுக்கான நிலைதான்.

55வது நகர்த்தலில் டிங் யானையை எஃப் 2 கட்டத்தில் வைத்தார். அவருடைய மந்திரி பலகையின் மூலையில் இருந்தது. யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் தன் மந்திரியை அதே மூலைவிட்டத்தில் நிறுத்த, டிங்கின் மந்திரி தப்ப வழியின்றி மந்திரிகளும் வெட்டுப்பட்டன. ராஜாவும் சிப்பாய்களும் மட்டுமே மிஞ்சிய அந்த நிலையில் கூடுதல் சிப்பாய்தான் வெற்றியைத் தந்தது. 58 நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்தது. 18 வயதில் உலக சாம்பியன்! முன்பு அந்தச் சாதனைக்குரியவரான காஸ்பரோவ் 1985இல் வென்றபோது அவருக்கு 22.

அதிர்ஷ்டம் என்று சிலர் சொன்னார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. டிரா ஆனால் மறுநாள் வேக ஆட்டங்கள்; டிங் அதை நோக்கித்தான் காய்களை வெட்டி ஆட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வந்தார். குகேஷ் கை கொடுத்துவிட்டு எழுந்திருக்கலாம். எழவில்லை. பெரிய மிரட்டல் எதுவும் இல்லாமலேயே, ஒவ்வொரு நகர்த்தலிலும் எதிராளியை யோசிக்க வைத்தார். மணிக்கணக்கில் யோசித்துக் களைத்தவரிடம் பறித்தெடுத்த தவறு அது.

2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்த பிறகு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் செஸ் ஆர்வம் கூடியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளைப் பார்க்கப் போவேன். நன்றாக ஆடும் இருவர் கடைசிச் சுற்றில் மோதினால், 15 நகர்த்தலுக்குள் கை குலுக்கிவிடுகிறார்கள். அரைப் புள்ளி போதும், கோப்பை உறுதி. வெளியே காத்திருக்கும் பெற்றோருக்கும் அதில் நிம்மதி. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. எண்ட்கேம் என்னும் இறுதிக்கட்டத்தை ஆடிப் பழகத்தானே இந்தப் போட்டிகள்?

உங்கள் பிள்ளை கடைசி மேசையில் யானையும் சிப்பாயுமாக இன்னும் போராடிக்கொண்டிருந்தால், தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள். தோற்று வந்தாலும் சரி, அந்த ஆட்டத்தை அன்றிரவே அவனோடு உட்கார்ந்து ஒருமுறை ஆடிப் பாருங்கள்.