எல்லை தாண்டும் எலும்புகள்

கை முறிந்தாலும் கால் முறிந்தாலும் தமிழர்களின் நினைவுக்கு முதலில் வருவது புத்தூர். அங்கே அழைத்துப் போகிறவரின் கவலை வேறு.

ஏகாம்பரகுப்பத்தைத் தாண்டும்போது நகரி மலையின் மூக்கு ஜன்னலில் தெரிகிறது. அதைப் பார்த்ததும் ரயில் பெட்டிக்குள் ஒரு பிரிவினை தொடங்கும். மொட்டை போட வேண்டியவர்கள் உட்கார்ந்தே இருப்பார்கள். அவர்கள் போவது திருப்பதிக்கு. கட்டுப் போட வேண்டியவர்கள் எழுந்து கொள்வார்கள். அவர்கள் இறங்குவது புத்தூரில்.

அப்படி இறங்கியவர்களில் ஒரு தாயும் மகனும். அரக்கோணத்தில் பூ விற்கும் அந்தப் பெண்மணிக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஈரத் தரையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக் கொண்டிருக்கிறார். மகன் கையில் எக்ஸ்-ரே உறை. முதல் நாள் பார்த்த டாக்டர், எலும்பு விலகியிருக்கிறது, அறுவை சிகிச்சை செய்து பிளேட் வைப்பது நல்லது என்று சொல்லியிருந்தார்.

“டாக்டர் சொன்னதை யோசிச்சியாம்மா?” என்கிறார் மகன், ஸ்டேஷன் படிக்கட்டில்.

“பிளேட்டெல்லாம் வேணாம்டா. உங்க தாத்தாவுக்கு இங்கதான் கட்டினாங்க. கடைசி வரைக்கும் ஏர் ஓட்டினாரே?”

தாத்தாவின் கால் சரியானது உண்மை. அம்மாவின் கை என்ன ஆகும் என்பதுதான் மகனின் கவலை. பூக்கட்டும் கைக்கு விரல் மடங்க வேண்டும், மணிக்கட்டு திரும்ப வேண்டும்.

முயலும் இலையும்

புத்தூர் பெரிய ஊரல்ல. 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்த ஊர், 2022இல் ஆந்திரம் மாவட்டங்களைப் பிரித்தபோது திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. புத்தூர் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. மொழிவாரி எல்லைக்காக அன்று நடந்த போராட்டங்கள் பலருக்கு மறந்திருக்கலாம். ஆனால் உடைந்த எலும்புகள் எந்த எல்லையையும் ஒப்புக்கொண்டதில்லை. இங்கே தெலுங்கும் தமிழும் கலந்தே புழங்குகின்றன. வலியைச் சொல்ல யாரும் மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டியதில்லை.

ஊரை ஒட்டிய கிராமத்தில் பரம்பரையாகக் கட்டுப் போட்டு வருகிறது ஒரு ராஜு குடும்பம். தொடக்கம் பற்றி ஒரு கதை சொல்வார்கள். நூறாண்டுகளுக்கும் முன் வேட்டைக்குப் போன முன்னோர் ஒருவர், அடித்த முயலைக் காட்டு இலைகளில் சுற்றி வைத்தார். பிறகு பிரித்துப் பார்த்தால் முறிந்திருந்த எலும்பு கூடியிருந்தது. கதையை நம்புவது அவரவர் விருப்பம். கூட்டத்தை நம்பாமல் இருக்க முடியாது. தமிழகம், கர்நாடகம், ஆந்திரம் என்று மூன்று மாநிலத்தாரும் வருகிறார்கள்.

முறை எளிமையானது. விலகிய எலும்பைக் கையால் இழுத்துப் பொருத்துகிறார்கள். பச்சிலை விழுதும் முட்டை வெள்ளைக்கருவும் பூசி, மூங்கில் பத்தைகளை அணைத்துத் துணியால் கட்டுகிறார்கள். சில நாட்கள் கழித்து மீண்டும் வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் துணைக்கு ஒருவர் வர வேண்டும். லீவு, டிக்கெட், சாப்பாடு எல்லாம் அவர் கணக்கு. இத்தனையும் சேர்த்தாலும் தனியார் ஆஸ்பத்திரியின் அறுவை சிகிச்சைச் செலவில் சிறு பகுதிதான் ஆகும். கத்தி என்றாலே வரும் பயமும் சேர்ந்துகொள்ள, எல்லை தாண்டுவதற்கு வேறு காரணம் தேவையில்லை.

எலும்பு தானே கூடும்

இதில் எவ்வளவு வைத்தியம், எவ்வளவு நம்பிக்கை? எலும்பைக் கூட்டுவது இலையும் அல்ல, மாவுக் கட்டும் அல்ல. முறிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, அதன் மேல் புதிய திசு வளர்ந்து, அது எலும்பாக இறுகுகிறது. மணிக்கட்டுக்குச் சுமார் ஆறு வாரம். தொடை எலும்புக்கு மூன்று மாதமோ அதற்கு மேலோ. வைத்தியரின் வேலை, எலும்பை நேராக வைத்து அசையாமல் காப்பது. எனவே சாதாரண முறிவுகள் மூங்கில் பத்தையிலும் கூடிவிடுவதில் வியப்பில்லை. எலும்பு கூடுமா என்பதைவிட நேராகக் கூடுமா என்பதே பெரிய கேள்வி.

நாட்டுக் கட்டை ஏளனம் செய்பவர்கள் லிவர்பூலின் ஹியூ ஓவன் தாமஸை நினைத்துக்கொள்ளலாம். வேல்ஸின் ஆங்கிள்சி தீவைச் சேர்ந்த பரம்பரை எலும்பு வைத்தியக் குடும்பத்தில் பிறந்து முறையாக டாக்டருக்குப் படித்தவர் அவர். அவர் வடிவமைத்த கம்பிச் சட்டத்தை முதல் உலகப் போரில் பரப்பியவர் அவருடைய உறவினர் ராபர்ட் ஜோன்ஸ். தொடை எலும்பு முறிந்த சிப்பாய்கள் பலரின் உயிர் அதனால் தப்பியது. அந்தச் சட்டம் ‘தாமஸ் ஸ்பிளின்ட்’ என்ற பெயரில் நம் ஆஸ்பத்திரிகளிலும் இருக்கிறது. குடும்பத்துக் கைப்பழக்கமும் கல்லூரிப் படிப்பும் அங்கே ஒன்று சேர்ந்தன. இங்கே இன்னும் தனித்தனியாகவே நிற்கின்றன.

அதன் விலையைக் கொடுப்பவர் நோயாளி. கட்டு இறுகி ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். கையையே எடுக்க நேரலாம். மாவுக் கட்டிலும் இந்த ஆபத்து உண்டு. தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரியும் முறிவுக்குப் பச்சிலை கூடாது, தாமதமின்றி ஆஸ்பத்திரிதான். முதியவர்களின் இடுப்பெலும்பு முறிவை மாதக்கணக்கில் படுக்கவைத்துக் கூட்ட முயன்றால் படுக்கைப் புண்ணும் நிமோனியாவும் முந்திக்கொள்ளும். சென்னையில் தெருவுக்குத் தெரு தொங்கும் ‘புத்தூர் கட்டு’ போர்டுகளுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் பொருந்தும். ஊரின் பெயரைப் போர்டில் எழுதிவிடலாம். பழகிய கையை எழுத முடியாது.

புத்தூரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில், திருப்பதியில், தேவஸ்தானம் நடத்தும் பெரிய எலும்பு சிகிச்சை ஆஸ்பத்திரி இருக்கிறது. இரண்டு இடங்களுக்கும் நடுவே ஓடுவது ஒரே சாலை. எந்த முறிவு எங்கே போக வேண்டும் என்று சொல்ல அந்தச் சாலையில்தான் யாருமில்லை.

மகன் எக்ஸ்-ரேயை நீட்டுகிறார். அது வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கப்படுகிறது. ஓர் இழுப்பு, அம்மாவிடமிருந்து ஓர் அலறல். பிறகு கட்டு. பதினைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. வெளியே வந்ததும் மகன் ஒரு நிபந்தனை போடுகிறார்: “ஒரு வாரம் கழிச்சு இன்னொரு எக்ஸ்-ரே எடுக்கறோம். நேரா இல்லேன்னா டாக்டர் சொல்றதைக் கேக்கணும்.”

அம்மா சம்மதித்துத் தலையாட்டுகிறார். வலியிலா, ஒப்புதலிலா என்று தெரியவில்லை.

திரும்பும் ரயிலில் மகன் தூங்கவில்லை. ஏகாம்பரகுப்பத்தில் ஒரு முறை, திருத்தணியில் ஒரு முறை, “விரலை ஆட்டும்மா” என்கிறார். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஐந்து விரல்களும் மெல்ல அசைகின்றன. நகக் கண்ணை அழுத்தி, ரத்தம் திரும்புகிறதா என்று பார்க்கிறார்.

“மரத்துப் போச்சா?”

“இல்லப்பா. அரிக்குது.”

அரக்கோணம் வரும்வரை அதுவே நல்ல செய்தி.