போத்தற் சூளைகளின் நகரம்

எங்கள் வீட்டு அலுமாரியிற் பாட்டியார் பேணி வைத்திருந்த தேநீர்க் கோப்பை ஒன்று உண்டு. விருந்தினர் வந்தாலன்றி அது வெளியே வராது. சிறுவயதில் ஒருநாள் அதனைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ‘ஸ்ரபோட்ஷயர், இங்கிலாந்து’ என்று நீல மையிற் பொறித்திருந்தது. அவ்வூர் எங்குள்ளதோ, இதனை வனைந்த கை எவருடையதோ என்னும் எண்ணம் அன்றே என் உள்ளத்திற் குடிகொண்டது. சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்து செல்லும் வாய்ப்புக் கிட்டியபோது, இலண்டனிலிருந்து புகையிரதம் ஏறி அவ்விடம் காணச் சென்றேன்.

ஸ்ரோக்-ஒன்-ரென்ற் தனியோர் ஊரன்று. ரன்ஸ்ரோல், பேர்ஸ்லம், ஹான்லி, ஸ்ரோக், பென்ரன், லோங்ரன் என்னும் ஆறு ஊர்கள் 1910 ஆம் ஆண்டில் ஒன்றாய் இணைந்தமையால் உருவானது. நிலத்தின் கீழே கரியும் களிமண்ணும் அருகருகே கிடந்தமையால் மட்பாண்டத் தொழில் இங்கே வேரூன்றிற்று. பின்னர் வெண்களிமண்ணைத் தொலைவிலுள்ள கோர்ண்வாலிலிருந்து தருவிக்க நேர்ந்தபோதும் தொழில் இடம் பெயரவில்லை. சுடப்படும் மண்ணினும் சுடும் கரியே எடையில் மிகுதி. ஆதலால் மண்தான் கரியைத் தேடி வந்தது. கரடுமுரடான வண்டிப் பாதையிற் குலுங்கி உடையும் பாண்டங்களைக் காக்கக் கால்வாய் வேண்டுமென்று முன்னின்று உழைத்தவர், 1759 இல் தம் தொழிலைத் தொடங்கிய யோசியா வெஜ்வூட். குயவர் குடும்பத்திற் பிறந்த அவர் கனவு கண்ட கால்வாய் 1777 இல் நிறைவேறிற்று.

லோங்ரனில் கிளாட்ஸ்ரன் என்னும் பழைய ஆலையை இடிக்காமல் நூதனசாலையாக்கிக் காத்திருக்கிறார்கள். அதன் முற்றத்தில் அடியெடுத்து வைத்ததும் வியந்து நின்றேன். வயிறு பெருத்துக் கழுத்துச் சிறுத்த இராட்சதப் போத்தல்களைப் போலச் செங்கற் சூளைகள் வானளாவி நின்றன. இத்தகைய சூளைகள் ஒரு காலத்தில் இவ்வூர்களில் 2000 க்கு மேல் இருந்தனவாம். இன்று எஞ்சியிருப்பவை 50 க்கும் குறைவு.

தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் எனக்கு வழிகாட்டினார். உயர்ந்த வகைப் பீங்கானிற் பாதி, மாட்டெலும்பைச் சுட்டெடுத்த சாம்பல். மறுபாதி, வெண்களிமண்ணும் கோர்ண்வாற் கல்லும் என்று அவர் கூறியபோது, பாட்டியார் இதனை அறிந்திருந்தால் அக்கோப்பையைத் தொட்டிருப்பாரோ என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

ஆனால் அடுத்து அவர் கூறியவை சிரிப்பதற்குரியன அல்ல. தீயும் புகையும் படாதிருக்கப் பாண்டங்களை முரட்டுக் களிமண்ணாலான பெட்டிகளுள் அடுக்குவர். அரை அந்தர் நிறையுள்ள அப்பெட்டிகளைத் தலையிற் சுமந்து, ஏணியேறிச் சூளையினுள் ஒன்றன்மேலொன்றாய் அடுக்குவது ஆடவர் வேலை. பழைய காலுறையைச் சுருட்டித் தொப்பியுள் வைத்துக்கொள்வார்களாம். “அதனை நாங்கள் சும்மாடு என்போம்” என்றேன். அச்சொல்லை இருமுறை சொல்லிப் பார்த்து மகிழ்ந்தார். இரண்டு மூன்று நாள், 10 தொன்னுக்கு மேற்பட்ட கரியை விழுங்கி எரிந்த சூளை முற்றும் ஆறுமுன்னரே, ஈரத் துணியாற் போர்த்துக்கொண்டு உள்ளே நுழைந்து பாண்டங்களை வெளியெடுப்பதும் உண்டு.

கூலியோ அதனினும் கொடிது. 19 ஆம் நூற்றாண்டில், சூளையிலிருந்து பழுதின்றி வந்த பாண்டத்திற்கு மாத்திரமே வனைந்தவனுக்குக் கூலி. தீ மூட்டியவன் தவறினாலும் நட்டம் வனைந்தவனையே சாரும். அச்சுகளைத் தூக்கிக்கொண்டு வெப்ப அறைக்கும் வேலை மேசைக்கும் ஓடியவர்கள் சிறுவர்கள். 1864 ஆம் ஆண்டுச் சட்டமே அவர்களுக்கு ஓரளவு காப்பளித்தது.

“என் தந்தையாரும் சூளையில் அடுக்கியவர்தாம். தூசி அவரைக் கொண்டுபோயிற்று” என்றார் முதியவர். தீக்கல்லைப் பொடித்த நுண்டூசி நுரையீரலிற் படிந்து மூச்சை அடைக்கும் நோய்க்கு ‘குயவர் அழுகல்’ என்று இவ்வூரார் பெயரிட்டிருந்தனர். மெருகு நீரிற் பாண்டம் தோய்த்தோரை ஈய நஞ்சு பற்றிற்று. 1947 ஆம் ஆண்டு விதிகள் இவ்விரு கொடுமைகளையும் பெரிதும் கட்டுப்படுத்தின. 1956 ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டத்தின்பின் கரிச்சூளைகள் ஒவ்வொன்றாய் அணைந்து, வாயுவும் மின்சாரமும் அவற்றின் இடத்தைப் பெற்றன. பழைய வித்தை மறைந்துவிடக்கூடாதென்று 1978 இல் லோங்ரனில் ஒரு சூளையை இறுதிமுறையாக எரித்துக் காட்டினராம்.

விடைபெறுமுன் இருவரும் தேநீர் அருந்த அமர்ந்தோம். முதியவர் தேநீரை முடித்ததும் கோப்பையைக் கவிழ்த்து முத்திரையைப் பார்த்தார். “எங்கே சென்றாலும் எங்களூரார் இப்படித்தான் செய்வோம்” என்று நாணத்துடன் கூறினார். நானும் என் கோப்பையைக் கவிழ்த்தேன்.

ஊர் திரும்பியதும் பாட்டியாரின் கோப்பையை எடுத்துப் பார்த்தேன். ஆலையின் பெயர் அழியாது இருந்தது. வனைந்தவர் பெயரோ, சுமந்தவர் பெயரோ அதில் இல்லை. கழுவித் துடைத்து, முன்னிருந்த இடத்தில் மெல்ல வைத்தேன்.