கல்லாப்பெட்டிக்கு வந்த வடிவமைப்பாளர்கள்

மளிகைக் கடைகளின் கடன் நோட்டைக் கைபேசிக்குள் கொண்டுவரும் செயலி ஒன்றைக் கோவை பீளமேட்டில் ஒரு சிறிய குழு உருவாக்கிக்கொண்டிருந்தது. யார் எவ்வளவுக்குச் சரக்கு எடுத்தார், எவ்வளவு கொடுத்தார், பாக்கி எவ்வளவு: இவ்வளவுதான் அதன் வேலை. வேலைவாய்ப்பு விளம்பரங்கள் ‘யுஐ/யுஎக்ஸ் டிசைனர்’ என்று ஒரே ஆளாகத் தேடும் இரண்டு தொழில்களை, இரண்டு பேர் தனித்தனியாகச் செய்யும் இடம் அது. அந்த இருவரோடும் இருந்து பார்க்க வேண்டும் என்றுதான் போனேன்.

யுஐ, அதாவது பயனர் இடைமுகம், அந்த இருவரில் ஓர் இளைஞரின் பொறுப்பு. கண்ணுக்குத் தெரிவதும் விரல் படுவதும் எல்லாம் அவர் கையில். நான் போனபோது ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் ஒரு பட்டியலின் வரி உயரத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். “இங்கிலீஷுக்குப் போட்ட உயரத்துல தமிழை வச்சா ‘கீ’ மேல இடிக்கும், ‘கூ’ கீழ இடிக்கும்” என்றார். ‘சேமிக்கவும்’ பொத்தானுக்குள் அடங்காமல் வழிந்ததால் ‘சேமி’ ஆகியிருந்தது. பொத்தானின் தொடுபரப்பு 48 அலகு. திரையில் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். அதைவிடச் சிறுத்தால் விரல் தவறும். எழுத்தின் நிறத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 வேறுபாடு இருக்கிறதா என்று ஒவ்வொரு திரையிலும் சோதித்தார். அலங்காரம் என்று நாம் நினைக்கும் வேலைக்குள் இத்தனை கணக்கு இருக்கிறது.

யுஎக்ஸ், அதாவது பயனர் அனுபவம், பார்க்கும் பெண்ணின் மேசையில் திரை வடிவமைப்புகளே இல்லை. சுவரில் ஒரு மளிகைக் கடையின் ஒரு நாள் ஒட்டுத்தாள்களாக விரிந்திருந்தது: காலையில் பால் வரும் நேரம், பள்ளிக்கூட நேரத்து நெரிசல், மதிய ஓய்வு, மாலைக் கூட்டம். ஒவ்வொரு நேரத்திலும் நோட்டு எங்கே இருக்கும், யார் எழுதுவார், பேனாவை யார் எடுத்துப்போவார் என்றெல்லாம் குறித்திருந்தார்.

மாலையில் சிங்காநல்லூர் பக்கம் ஒரு கடைக்கு அவரோடு போனேன். கடையை நடத்துபவர் நடுத்தர வயதுப் பெண். “அக்கா, நீங்க வழக்கமா கணக்கு எழுதற மாதிரியே இதுல எழுதுங்க. நான் சும்மா பக்கத்துல நிக்கறேன். சரி, தப்புன்னு எதுவும் இல்லைங்க்கா” என்று போனைக் கொடுத்தார். அதன்பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. இந்தத் தொழிலின் கடினமான பயிற்சி இதுதான் என்று அங்கே புரிந்தது. எதிரே ஒருவர் தடுமாறும்போது கை நீட்டி உதவாமல், அந்தத் தடுமாற்றம் எங்கே தொடங்கியது என்று மட்டும் பார்க்க வேண்டும்.

முதல் திரையிலேயே நின்றுவிட்டது. ஓடிபி வரவேண்டிய எண், சரக்கெடுக்கப் போயிருந்த கணவரின் சட்டைப்பையில் இருந்தது. எண்ணை நிரப்பும் கட்டங்கள் அழகாகவும் தெளிவாகவும்தான் இருந்தன. ஆனால் கடையில் நிற்பவருக்கு உள்ளே போக வழியில்லை.

சோதனைக் கணக்கு ஒன்றில் நுழைந்த பிறகு, செயலி வாடிக்கையாளரின் பெயரையும் கைபேசி எண்ணையும் கேட்டது. அக்காவின் நோட்டில் பெயர்களே குறைவு. ‘ரெண்டாவது வீதி டீச்சர்’, ‘மில்லுக்காரர்’, ‘பச்சை கேட் வீடு’ என்றுதான் இருந்தது. அதற்குள் துவரம்பருப்பு கேட்டு ஒருவர் வந்து நின்றார். அக்கா சட்டென்று போனைக் கவிழ்த்து வைத்தார். ஏன் என்று பிறகு யுஎக்ஸ் பெண் கேட்டபோது, “மத்தவங்க பாக்கி அவங்க கண்ணுல படக்கூடாதுல்ல. நோட்டுன்னா கையை வச்சு மறைச்சுக்குவேன்” என்றார். மொத்தப் பாக்கிப் பட்டியலும் முகப்பிலேயே பளிச்சென்று தெரிய வேண்டும் என்று அலுவலகத்தில் பெருமையோடு வடிவமைத்திருந்தார்கள்.

கடைசியாக ஒரு கணக்கைப் பதிந்ததும் பச்சை நிற ‘சரி’ குறி வந்தது. அந்த மூலையில் இணையம் இல்லை. கணக்கு எங்கும் போய்ச் சேரவில்லை. பொத்தானை அழுத்தியதற்குத்தான் அந்தக் குறி சாட்சி சொன்னது.

இதே வகைப் பிழைக்கு வரலாற்றில் பெரிய விலை கொடுத்திருக்கிறார்கள். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறை விளக்கோ, மூடச் சொல்லிக் கட்டளை போனதை மட்டும்தான் காட்டியது. வால்வு உண்மையில் மூடியதா என்பதைக் காட்டவில்லை. மூடிவிட்டது என்று நம்பிய பணியாளர்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக உண்மை தெரியவில்லை. உலையின் மையம் பாதியளவு உருகியது. அந்தக் கட்டுப்பாட்டு அறையை ஆராய அழைக்கப்பட்டவர்களில் உளவியலாளர் டான் நார்மனும் ஒருவர். 1993இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்து, ‘பயனர் அனுபவம்’ என்பதைத் தன் பதவியின் பெயரிலேயே சேர்த்துக்கொண்டவர் அவர்தான். திரையோடு நின்றுவிடாமல், பொருளோடு மனிதருக்கு ஏற்படும் உறவு முழுவதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதே அவருடைய வாதம்.

மறுநாள் அலுவலகத்தில் இருவரும் அருகருகே உட்கார்ந்தார்கள். முகப்பில் பாக்கிப் பட்டியலை எடுத்துவிட்டு, எதிரே நிற்பவரின் பக்கம் மட்டும் திறப்பது என்று முடிவானது. பெயருக்குப் பதில் எந்த அடையாளமும் எழுதலாம், எண் கட்டாயமில்லை. கணவரின் போனிலிருந்து ஒருமுறை அனுமதித்தால் கடையில் இருக்கும் போன் தனியாக இயங்கும். பச்சைக் குறி இரண்டாகப் பிரிந்தது: ‘இந்த போனில் எழுதியாச்சு’, ‘பத்திரமா சேர்ந்தாச்சு’. இந்த இரண்டும் ஒரே பார்வையில் வேறுபட்டுத் தெரிய எந்த வடிவம், எந்த நிறம் என்பதை யுஐ இளைஞர் அன்று முழுக்க வரைந்து வரைந்து அழித்தார். என்ன தெரிய வேண்டும் என்பதைக் கடை சொன்னது. அது எப்படித் தெரிய வேண்டும் என்பதை அவர் கை கண்டுபிடித்தது.

இரண்டில் எது பெரிது என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை. படிக்க முடியாத திரையில் நல்ல அனுபவம் எதுவும் நடக்காது. ஆனால் நெருக்கடி வரும்போது நிறுவனங்கள் முதலில் வெட்டுவது கடைக்குப் போகும் நேரத்தைத்தான், ஏனென்றால் அந்த வேலை திரையில் தெரிவதில்லை. அதனால் வரும் இழப்பு நிறுவனத்தோடு நிற்காது. செயலி கைவராதபோது ‘எனக்குத்தான் தெரியவில்லை’ என்று தன்னையே குறைசொல்லிக்கொள்ளும் பழக்கம் நம் மக்களிடம் ஊறியிருக்கிறது. இதைத் தவிர்ப்பது கடினமில்லை. பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியது போல, ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் வெளிப்பட்டுவிடும். ஒரு மாலை நேரமும், பேசாமல் பக்கத்தில் நிற்கும் பொறுமையும் போதும். தமிழில் செயலி செய்யும் ஒவ்வொரு குழுவும் அந்த மாலையைத் தன் வேலைத்திட்டத்தில் முதல் வரியாக எழுத வேண்டும்.